கடைமடையில் மூணு மா: புழுதித் தெளியா, நடவா? (சம்பா 2024)

கடைமடை97 | 4 ஆகஸ்ட் 2024, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். ஊர் தலைஞாயிறு பக்கம், வயசு 27. ஒரகடத்துல நாலு வருசம் ஷிப்ட் வேலை பார்த்துட்டு, போன தையில பெட்டியைக் கட்டிக்கிட்டு வந்துட்டேன். எங்களுக்கு ஒரு வேலி நிலம், அதாவது இருபது மா (மூணு மா ஒரு ஏக்கர்), பட்டா அப்பா பேருல. பதினேழு மாவை அவர் பார்க்கிறார். வாய்க்கால் கடைசியில கெடக்குற மூணு மாவை மட்டும் "உன் கிறுக்கை அதோட வெச்சுக்க"ன்னு எனக்கு விட்டிருக்கார்.

பிரச்சினை இதுதான். 2022-ல மேட்டூரை மே 24-லயே திறந்தாங்க. 2023-ல ஜூன் 12-ன்னு சரியா திறந்து, அக்டோபர் 10-ல மூடிட்டாங்க. இந்த வருசம் ஜூன் 12 வந்துச்சு, போச்சு. ஜூலை நடுவுல 50 அடிக்குக் கீழ கெடந்த அணை மாசக் கடைசியில 120 அடி நிரம்பி நிக்குது. 28-ஆம் தேதி திறந்த தண்ணி எங்க மடைக்கு எப்ப வரும்னு யாருக்கும் தெரியல. இதை நம்பி எந்தத் தேதியில நாத்து விடுறது?

அதான் என் மூணு மாவுல ஆவணியிலயே புழுதி ஓட்டி, அதாவது காஞ்ச மண்ணையே உழுது, மாப்பிள்ளைச் சம்பாங்கிற நெட்டைப் பாரம்பரிய நெல்லை நேரடியா தெளிக்கலாம்னு இருக்கேன். ஆத்துத் தண்ணிக்குக் காத்திருக்க வேண்டாம். ரெண்டு மழை கெடைச்சா முளைச்சுரும், ஐப்பசி அடைமழைக்குள்ள முழங்கால் உயரம் வந்துரும். உரம் பூச்சிமருந்து கெடையாது. அப்பா எப்பவும் நடுறது சி.ஆர். 1009 ரகம். அவர் சொல்றது ஒரே வரி: "ஆயிரத்தொம்பதை நட்டவன் கெட்டதில்ல."

செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க. அப்பாவைச் சமாளிக்கவும் வழி சொல்லுங்க.

களத்துமேடு | 4 ஆகஸ்ட் 2024, இரவு 10.15

தம்பி, புழுதித் தெளி ஏதோ நீங்க கண்டுபிடிச்ச மாதிரி எழுதுறீங்க. மேட்டூர் அணை கட்டினது 1934. அதுக்கு முன்னாடி கடைமடையில என்ன பண்ணிக்கிட்டு இருந்தோம்? எங்க தாத்தா காலம் பூரா தெளிதான். தண்ணி ஒழுங்கா வந்ததும் நடவுக்கு மாறினோம், ஏன்னா களை. தெளிச்ச வயல்ல நெல்லும் கோரையும் ஒண்ணாத்தான் முளைக்கும், ஒண்ணாத்தான் நிக்கும். கோரைக்குக் கெழங்கு இருக்கு. நீங்க பிடுங்கினா அது சிரிக்கும்.

அடுத்தது, நெட்டை ரகம். 2023 பிப்ரவரி முதல் வாரத்துல பெய்ஞ்சது ஞாபகம் இருக்கா? அறுக்கிற பதத்துல நின்ன நெல்லு. எங்க ஊர்ல ஒரு பையன் உங்களை மாதிரியே சம்பளத்தை விட்டுட்டு வந்தவன். நாலடிக்கு மேல வளர்ந்த பாரம்பரிய நெல்லு, பாய் விரிச்ச மாதிரி படுத்துருச்சு. மூணாம் நாள் கதிர்லயே முளை. அந்தப் பையன் வரப்புல உட்கார்ந்திருந்த உட்காரல் இன்னும் கண்ணுல நிக்குது.

உங்க அப்பா சொல்றதுல பாதியாவது கேளுங்க.

நாற்றங்கால் | 5 ஆகஸ்ட் 2024, காலை 6.50

பி.எஸ்சி. அக்ரி முடிச்சுட்டு இப்ப மன்னார்குடி பக்கம் சொந்த வயல். ரெண்டு பேரும் சொல்றது சரிதான், ஆனா ரெண்டு தனித்தனி விஷயம் கலந்துருச்சு. எப்படி விதைக்கிறது என்பது ஒண்ணு, எதை விதைக்கிறது என்பது இன்னொண்ணு. புழுதித் தெளின்னா பாரம்பரிய ரகம்தான் போடணும்னு சட்டமா?

சி.ஆர். 1009 சப்-1 கேள்விப்பட்டிருப்பீங்க. உங்க அப்பா சொல்ற அதே பொன்மணிதான், அதே குண்டு நெல்லு, அதே 155 நாள் சொச்சம். கூட ஒரே ஒரு குணம். முழுசா முழுகினாலும் பத்துப் பதினாலு நாள் வரைக்கும் தாங்கும். அந்தக் குணம் ஒடிசாவுல விளைஞ்ச ஒரு நாட்டு நெல்லுல இருந்து எடுத்தது. சாதாரண ரகம் முழுகினா மூச்சுக்குத் தவிச்சு மேல மேல நீளும், உடம்புல இருக்கிற சத்தை எல்லாம் அதுலயே செலவழிச்சுரும், தண்ணி வடிஞ்சதும் துவண்டு விழும். சப்-1 அப்படி இல்ல. தண்ணிக்குள்ள கம்முனு தூங்கும். வடிஞ்ச பிறகு முழிச்சு தூர் கட்டும்.

ஆனா ஒண்ணு. இது பயிர் இளசா இருக்கிறப்ப வர்ற வெள்ளத்துக்கு மட்டும்தான். களத்துமேடு ஐயா சொன்ன பிப்ரவரி மழைக்கு எந்த சப்பும் உதவாது. அதுக்கு இருக்கிற பதில் குட்டையான தண்டும், அளவான தழைச்சத்தும், முன்கூட்டியே அறுப்பும்தான்.

இன்னொரு சங்கதி. தேங்கி நிக்கிற வயல்ல மீத்தேன் கெளம்புது, அதுனால காய்ச்சலும் பாய்ச்சலுமா தண்ணி கட்டுங்கன்னு கூட்டத்துக்குக் கூட்டம் சொல்றாங்க. ஓட்டை போட்ட குழாயை வயல்ல பொதைச்சு, உள்ள தண்ணி அரையடி கீழ இறங்கின பிறகு பாய்ச்சணும். நான் செய்றேன், தண்ணி மிச்சமாகுது. ஆனா கார்த்திகையில தலைஞாயிறு களிமண்ணுல போய் "காய்ச்சல்"னு சொன்னா அடிக்க வருவாங்க. யாருக்கு எது பொருந்தும்னு பார்க்காம ஒரே பாடத்தை எல்லா ஊருக்கும் எடுக்கிறாங்க.

சென்னைச்சோறு | 5 ஆகஸ்ட் 2024, காலை 11.05

எதுக்குங்க இவ்வளவு யோசனை? அம்பத்தூர்ல நான் மாப்பிள்ளைச் சம்பா அரிசி கிலோ 110-க்கு வாங்குறேன். கொள்முதல் நிலையத்துல குண்டு நெல்லுக்கு என்ன கெடைக்கும்? பேசாம பாரம்பரியம் போட்டு நேரடியா எங்களுக்கு வித்துருங்க.

குத்தகைக்காரி | 5 ஆகஸ்ட் 2024, மதியம் 2.30

சென்னைச்சோறு அண்ணா, அந்த 110 ரூபாய்ல வயலுக்கு எவ்வளவு வருதுன்னு பார்ப்போமா? கொள்முதல் நிலையத்துல இந்த சீசன் குண்டு நெல்லுக்குக் குவிண்டால் 2,405, சன்ன ரகத்துக்கு 2,450. பாரம்பரியத்துக்குன்னு தனி விலை அங்க கெடையாது, சிவப்பு நெல்லைப் பார்த்தாலே முகத்தைச் சுளிப்பாங்க. சரி, நாங்களே அரிசியாக்கி விக்கலாம்னா, பெரிய மில்லுல நாலு மூட்டைக்கு மெஷினை ஓட்ட மாட்டாங்க. சின்ன மில்லைத் தேடி வண்டி வாடகை கொடுத்துப் போனா, பாலிஷ் அதிகமாயி சிவப்பே போயிரும், இல்லன்னா நொய் நொறுங்கிரும். அப்புறம் பை, கூரியர், வண்டு. நாலு மாசத்துல விக்கலன்னா கோழிக்குத்தான். ஆசைப்பட்டு வாங்குற உங்களைக் குறை சொல்லல, நடுவுல இவ்வளவு இருக்கு.

கடைமடை தம்பி, எனக்கு வயசு 31. வீட்டுக்காரர் சிங்கப்பூர்ல. ரெண்டு ஏக்கர் கோயில் நிலம் குத்தகைக்குப் பார்க்கிறேன், குத்தகைச் சீட்டு மாமனார் பேருல. உங்களுக்கு மூணு மாவாவது அப்பா விட்டுக் கொடுத்தார். எனக்கு அடங்கல் (எந்த நிலத்துல என்ன பயிர்னு வி.ஏ.ஓ. தர்ற சான்று) வாங்கவே மாமனாரைக் கூட்டிக்கிட்டுத்தான் போகணும். சொசைட்டிக் கடனும் அவர் பேருலதான். பயிர்க் காப்பீட்டுக்கு நவம்பர் 15-க்குள்ள பிரீமியம் கட்டணும், அதுக்கும் அந்த அடங்கல்தான் வேணும். போன வருசம் மேடை போட்டு "விவசாயத்தில் இளைஞர் தலைமை"ன்னு பேசினாங்க. பேசி முடிச்சதும் கையெழுத்துப் போடப் பெரியவங்களைக் கூப்பிட்டாங்க.

விதை நான் தர்றேன். எங்க குழுவுல பதினொரு பொம்பளைங்க, எட்டு ரகம் வெச்சிருக்கோம். பாரம்பரிய நெல்லைத் தேடிச் சேர்த்த நெல் ஜெயராமன் அய்யா ஆதிரெங்கத்துல வெச்ச அதே வழக்கம்தான், ரெண்டு கிலோ வாங்கினா அடுத்த அறுப்புல நாலு கிலோவாத் திருப்பணும். 2018 நவம்பர் 16 கஜா புயல் அடிச்சுது, மூணே வாரத்துல, டிசம்பர் 6, அவர் போயிட்டார். அந்த வருசம் எங்க குதிர்ல இருந்த விதை பூரா நனைஞ்சு புளிச்சுப் போச்சு. மறுபடி வேற வேற ஊர்ல கொடுத்து வெச்சவங்ககிட்ட இருந்துதான் திரும்ப வாங்கினோம். ஒரே எடத்துல வைக்கக் கூடாதுன்னு அப்பத்தான் புரிஞ்சுது.

ஆனா மூணு மாவையும் மாப்பிள்ளைச் சம்பாவாப் போடாதீங்க. ஒரு மா போதும்.

படுவான்கரை | 6 ஆகஸ்ட் 2024, இரவு 8.10

இலங்கை மட்டக்களப்பில இருந்து எழுதுறன். உங்கட கதையை வாசிக்க எங்கட 2021 ஞாபகம் வருது. அந்த வருசம் மே மாதம் ரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே வர்த்தமானியில (அரசிதழில) நிப்பாட்டிப்போட்டாங்கள். இனி நாடு முழுக்கச் சேதனப் பசளைதானாம் (நீங்க சொல்லுற இயற்கை உரம்). வயலுக்குள்ள இறங்கின ஒருத்தரையும் கேக்கேல்ல. கூட்டெரு செய்யக் காலம் வேணும், மாடு வேணும், ஆள் வேணும். சீனாவில இருந்து வந்த சேதனப் பசளைக் கப்பலில கூடாத பக்டீரியா இருக்கெண்டு இறக்க விடேல்ல. நவம்பரில தடையை எடுத்தாங்கள், ஆனா அந்தப் பெரும்போகத்துக்கு யூரியா நேரத்துக்கு வந்து சேரேல்ல. எங்கட வட்டையில (வயல்வெளியில) பயிர் மஞ்சளாய் நிண்டது. வாழ்க்கையில முதல் தரம் என்ர அப்பா அரிசி கடைக்குப் போய் வாங்கினவர்.

அதுக்கு முந்தியே நானும் ரெண்டு பெடியன்களும் அரை ஏக்கரில சேதனமாய்ச் செய்து கொண்டிருந்தனாங்கள். நல்லாத்தான் வந்தது. 2021-க்குப் பிறகு ஊருக்குள்ள அந்தச் சொல்லை எடுக்கவே ஏலாது. "நீங்களும் அவங்கட ஆக்களோ" எண்டு கேக்கிறாங்கள். ஆறுதலாய்ச் செய்ய வேண்டியதை ஆணை போட்டுச் செய்தால் உண்மையாய்ச் செய்யிறவனுக்கும் சேர்த்துத்தான் அடி விழும்.

தம்பி, உங்கட அப்பா மூண்டு மா எண்டு அளந்து தந்தது கோவத்திலயோ தெரியாது, ஆனா அது சரியான அளவு. தோத்தாலும் வீட்டில சோறு இருக்கும்.

அடப்பாறு | 7 ஆகஸ்ட் 2024, காலை 7.20

எல்லாரும் விதையைப் பத்தியே பேசுறீங்க. கடைமடையில பயிரைக் கொல்றது விதையா? வடிகாலுங்க, வடிகால். மேல இருந்து வர்ற தண்ணி வேகமா வருது, கடலுக்குப் போற வழியில ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் அடைச்சுக் கெடக்கு. கடல் ஏத்தத்துல இருந்தா தண்ணி வாங்காது, எதிர்த்துக்கிட்டு நிக்கும். சப்-1 பதினாலு நாள் தாங்கும்னா, பதினஞ்சாம் நாளும் தண்ணி நின்னா என்ன பண்ணுவீங்க?

கஜாவுக்கு அப்புறம் பேராவூரணிப் பசங்க கைஃபான்னு ஒரு விவசாயிகள் சங்கம் வெச்சு, 2019-ல அவங்க ஊர்ப் பெரியகுளத்தைத் தாங்களே தூர்வாரினாங்க. சொந்தக் காசும் வெளிநாட்டுல இருக்கிறவங்க காசும் போட்டு, மாசக்கணக்குல மெஷின் ஓடுச்சு. அதைப் பார்த்துட்டுத்தான் நாங்க ஒன்பது பேர் எங்க ஊர் வடிவாய்க்கால்ல இறங்கினோம். அவங்க அளவு பெரிசு. நாங்க செஞ்சது அறுநூறு மீட்டர். ஆனா அந்த அறுநூறு மீட்டருக்கு மேல இருக்கிற வயல்ல போன வருசம் தண்ணி ரெண்டு நாள் முன்னாடியே எறங்குச்சு.

இளந்தாரிகளால செய்ய முடிஞ்ச வேலை இது. இதுக்குப் பட்டா வேண்டாம், அப்பா கையெழுத்து வேண்டாம்.

களத்துமேடு | 7 ஆகஸ்ட் 2024, காலை 9.00

அடப்பாறு தம்பி சொல்றது நூத்துக்கு நூறு. எங்க காலத்துல குடிமராமத்துன்னு வீட்டுக்கு ஒரு ஆள் போகணும். போகலன்னா அவன் மடையில தண்ணி கெடையாது. அப்புறம் கவர்மென்ட் பார்த்துக்கும்னு விட்டோம். தப்பு எங்க தலைமுறை மேலதான்.

கோரையைப் பத்தி மட்டும் இன்னும் யாரும் வாயைத் திறக்கல.

கடைமடை97 | 8 செப்டம்பர் 2024, இரவு 10.30

தகவல் சொல்ல வந்தேன். ஒரு மா மாப்பிள்ளைச் சம்பா, குத்தகைக்காரி அக்கா கொடுத்த 12 கிலோ. மிச்சம் ரெண்டு மா சி.ஆர். 1009 சப்-1, வேளாண் விரிவாக்க மையத்துல வாங்கினது. மூணுலயும் புழுதித் தெளி. அப்பா பதினேழு மாவுல எப்பவும் போல நடவுக்கு நாத்து விட்டிருக்கார். தெளிச்ச அன்னைக்கு வரப்புல நின்னு பார்த்துட்டு ஒண்ணும் சொல்லல. சாயங்காலம் அம்மாகிட்ட, "குருவிக்குச் சோறு போட்டிருக்கான்"னாராம்.

அஞ்சாம் நாள் ஒரு மழை. ஒன்பதாம் நாள் காலையில போய்ப் பார்த்தா வயல் முழுக்க ஊசி ஊசியாப் பச்சை. எது நெல்லு எது கோரைன்னு தெரியல. அதை இங்க ஒத்துக்கிறேன்.

நாற்றங்கால் | 9 செப்டம்பர் 2024, காலை 6.15

தண்டை அடியில உருட்டிப் பாருங்க. கோரைன்னா முக்கோணமா கையில உறுத்தும். நெல்லு உருண்டை. நம்ம வயல்ல களை எடுக்க வர்ற அம்மாக்களுக்கு உருட்டக்கூட வேண்டாம், நிறத்தைப் பார்த்தே சொல்லிருவாங்க.

கடைமடை97 | 4 டிசம்பர் 2024, மதியம் 1.20

பத்து நாளா இந்தப் பக்கம் வர முடியல. நவம்பர் கடைசி வார மழையில எங்க பக்கம் பூரா முழுகிருச்சு. புயல் மேல புதுச்சேரிப் பக்கம் கரை ஏறுச்சு, தண்ணி என்னவோ எங்க தலையில.

26-ஆம் தேதி ராத்திரி என் மூணு மாவுல கதிர் நுனி கூடத் தெரியலன்னு எழுத வந்தேன், ஆனா கதிரே இன்னும் வரல, தாள்தான். எல்லாம் ஒரே ஏரி. 27 காலையில அடப்பாறு அண்ணன் போன் பண்ணி, "வடிவாய்க்கால்ல மூங்கில் பாலத்துக்கிட்ட தாமரை அடைச்சிருக்கும், போய்ப் பாரு"ன்னார். போனா அப்படியே. மெத்தை மாதிரி, மேல நடந்து போகலாம் போல. நாங்க நாலு பேர் அருவாளை வெச்சு வெட்டி வெட்டி இழுத்தோம். பத்து மணிக்குத் திரும்பிப் பார்த்தா அப்பா மண்வெட்டியோட நிக்கிறார். எதுவும் பேசல. பாலத்துக்கு அந்தப் பக்கம் கரையை ஒரு முழம் வெட்டி விட்டார். அது எனக்குத் தோணவே இல்ல. தண்ணி சுழிச்சுக்கிட்டு ஓட ஆரம்பிச்சுது.

ஏழாம் நாள் வயல் தெரிஞ்சுது. மாப்பிள்ளைச் சம்பா நெட்டையா இருந்ததால நுனி தப்பிச்சு, ஆனா வெளுத்துப் போச்சு. சப்-1 சேத்தோட சேறா ஒட்டிக்கிட்டுக் கெடக்கு. அப்பாவோட நடவு லேட்டு நடவு, இளம்பயிர். தாழ்வான ஆறு மாவுல அழுகல் நாத்தம் அடிக்குது.

நாற்றங்கால் | 4 டிசம்பர் 2024, மாலை 5.40

சப்-1 வயல்ல இப்ப எதையும் செஞ்சுராதீங்க. யூரியாவோட ஓடாதீங்க. ஒரு வாரம் விடுங்க. புது இலை வந்த பிறகு பார்க்கலாம்.

குத்தகைக்காரி | 5 டிசம்பர் 2024, காலை 8.00

அப்பாவோட ஆறு மாவுக்குக் காப்பீடு கட்டினீங்களா தம்பி? கட்டியிருந்தாலும் அது உங்க வயலைப் பார்த்துத் தர மாட்டாங்க. வருவாய்க் கிராமம் மொத்தத்துக்கும் சேர்த்துத்தான் மகசூல் கணக்கு எடுப்பாங்க. மேட்டு நிலக்காரர் நல்லா எடுத்துட்டா பள்ளத்துக்காரருக்கு ஒண்ணும் வராது. போட்டோ மட்டும் எடுத்து வெச்சுக்குங்க.

கடைமடை97 | 21 ஜனவரி 2025, இரவு 9.00

களத்துமேடு ஐயா சொன்னது நடந்துருச்சு. ரெண்டு நாள் முன்னாடி பெய்ஞ்ச மழையில மாப்பிள்ளைச் சம்பா முக்கால்வாசி சாய்ஞ்சுருச்சு. மேட்டு வரப்பை ஒட்டி ஒரு பட்டை மட்டும் நிக்குது. சப்-1 நிக்குது. நானும் உங்க ஊர்ப் பையன் மாதிரி வரப்புல உட்காரத்தான் போனேன். அம்மா விடல. "நிக்கிறதை முதல்ல காப்பாத்துடா"ன்னு சொல்லி, சாய்ஞ்ச பயிரை நாலு நாலு தூரா சேர்த்துக் கட்டி நிமிர்த்தச் சொன்னாங்க. முடிஞ்ச வரைக்கும் கட்டினோம். இடுப்பு போச்சு.

கடைமடை97 | 2 மார்ச் 2025, மாலை 6.30

அறுப்பு முடிஞ்சுது. 60 கிலோ மூட்டைக் கணக்கு, மறைக்காம சொல்றேன்.

சப்-1 தெளி: மாவுக்கு ஒன்பது. அப்பாவோட நடவு: மேட்டுல ஒன்பதும் பத்தும், அழுகின ஆறு மாவுல ரெண்டு மூணு, சராசரி மாவுக்கு ஏழு. மாப்பிள்ளைச் சம்பா: ஒரு மாவுக்கு நாலு, அதுலயும் ஒரு மூட்டை முளைச்ச நெல்லு, மாட்டுக்குத்தான் ஆகும். அறுக்க பெல்ட் வண்டிதான் எறங்குச்சு, ஈரத்துல டயர் வண்டி வரமாட்டேன்னுட்டாங்க, வாடகை எகிறிருச்சு. கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17-க்கு வர்ற வரைக்கும் ரோட்டுல காயவெச்சு ராத்திரி தார்ப்பாய்க்குப் பக்கத்துலயே படுத்தோம்.

நடவுக்கூலி, நாத்துச் செலவு இல்லாததால தெளியில செலவு குறைவு. களைக்கு மட்டும் ரெண்டு தடவை கூடுதலா ஆள் விட வேண்டியதாச்சு. இதுக்கு மேல பெருமையடிக்க ஒண்ணுமில்ல. அடுத்த சம்பாவுக்கு அஞ்சு மா பார்த்துக்கன்னு அப்பா சொல்லியிருக்கார். அந்த அழுகின ஆறு மாவுல இருந்துதான் அஞ்சு.

குத்தகைக்காரி அக்கா, நின்ன பட்டையை இயந்திரம் விடாம அம்மாவும் சித்தியும் அருவாளால அறுத்து, கையால அடிச்சு, தனியா காயவெச்சிருக்காங்க. உங்களுக்குத் தர வேண்டிய 24 கிலோ அதுல இருந்துதான். முளைச்சதோ நனைஞ்சதோ ஒரு மணி கெடையாது.

குத்தகைக்காரி | 2 மார்ச் 2025, இரவு 7.45

நின்ன பட்டையில இருந்தே எடுத்தீங்கல்ல, அதுதான் வேணும். சாயாம நின்ன தூருல இருந்து எடுக்கிற விதைக்குத் தனிப் பை போட்டு மேல எழுதி வைங்க. அடுத்த வருசமும் அதையே தெளிச்சுப் பார்ப்போம். வர்ற ஞாயித்துக்கிழமை நானே வந்து வாங்கிக்கிறேன். பன்னெண்டு கிலோ எங்க வீட்டுல, பன்னெண்டு கிலோ வேதாரண்யத்துல ஒரு அக்கா வீட்டுல.

களத்துமேடு | 2 மார்ச் 2025, இரவு 9.10

கணக்கை மறைக்காம போட்டீங்க பாருங்க, அதுக்காகவே சொல்றேன், அடுத்த வருசம் நான் ரெண்டு மா தெளிச்சுப் பார்க்கிறேன். அந்தச் சப்-1 விதை ஒரு மூட்டை எடுத்து வைங்க, காசு கொடுத்துடறேன்.

சரி, கோரைக்கு என்ன பண்ணீங்க?

கடைமடை97 | 2 மார்ச் 2025, இரவு 9.25

கோரை அப்படியே இருக்குங்கய்யா. சித்திரையில கோடை உழவு ரெண்டு சால் ஆழமா ஓட்டி, கெழங்கை வெயில்ல காயப் போடலாம்னு இருக்கேன். டிராக்டர் சொல்லியாச்சு.